சின்ன ஹெட்போன் அம்ப், டாக், பிரிஅம்ப்: யாழ்ப்பாணத்து வீட்டில் பூட்டிக் கேட்கிற முறை

எங்கள் சித்தப்பா 1990களின் தொடக்கத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆள். கறண்ட் இல்லாத அந்தக் காலத்தில் இங்கே பல வீடுகளில் அதுதான் வழக்கம். ஒருவர் சுற்ற, சுற்றியிருக்கிற நாலைந்து பேர் செய்தி கேட்பார்கள். சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் செய்தி வாசிக்கிறவரும் சோர்ந்துவிடுவார். கசற் என்றால் பாட்டே இழுபடும்.

போன வருடம் மச்சான் கனடாவிலிருந்து எனக்கு ஒரு சின்ன ஹெட்போன் அம்ப் கொண்டுவந்து தந்தான். பூட்டின முதல் நாளே அதைப் புகைய விட்டேன். பிழையைக் கண்டுபிடித்தவர் அதே சித்தப்பாதான். அந்தக் கதை கீழே மின் பற்றிச் சொல்லுமிடத்தில் வரும். அதிலிருந்து படித்ததையும், பிறகு நாலைந்து வீடுகளில் பூட்டிப் பார்த்துப் பழகியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வெளியில் ஒரு பெட்டி, உள்ளே மூன்று வேலை. போனிலோ லாப்டொப்பிலோ இருக்கிற பாட்டு வெறும் எண்கள். சீடித் தரம் என்றால் ஒரு செக்கனுக்கு, ஒரு காதுக்கு, 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட். அந்த எண்களை ஏறி இறங்குகிற வோல்ட்டாக மாற்றுவது டாக். அந்த வோல்ட்டை ஹெட்போனை அசைக்கிற அளவுக்குப் பலப்படுத்துவது அம்ப். அதே சத்தத்தை ஸ்பீக்கருக்கும் அனுப்பி, கூட்டிக் குறைக்கிற திருகியையும் தருவது பிரிஅம்ப். போனுக்குள்ளும் ஒரு டாக் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் "டாக் வாங்கினால்தான் டிஜிட்டல் சத்தம் வரும்" என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

முதற்படி: உங்களுக்கு இது தேவையா?

மூன்று குறைகளில் ஒன்றாவது இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஒன்று, முழுக்கக் கூட்டியும் ஹெட்போனில் சத்தம் காணாது. இரண்டு, பாட்டில்லாத இடத்தில் லாப்டொப்பின் இரைச்சல், மவுஸ் அசைய அசையக் கீறுகிற சத்தம் கேட்கிறது. மூன்று, பகலில் ஸ்பீக்கர், அம்மம்மா படுத்த பிறகு ஹெட்போன் என்று தினமும் வயர் கழற்றி மாட்டி அலுத்துவிட்டது.

இவை ஒன்றும் இல்லாமல் "சத்தம் இன்னும் திறம்பட வேண்டும்" என்பது மட்டும்தான் ஆசையென்றால், அந்தக் காசை நல்ல ஹெட்போனில் போடுங்கள். வித்தியாசம் அங்கேதான் பெரிதாகத் தெரியும். போனில் ஹெட்போன் ஓட்டை இல்லை என்பது மட்டும் பிரச்சினையென்றால் ஆப்பிளின் யூஎஸ்பி-சி சின்ன மாற்றி போதும். அமெரிக்காவில் விற்பது 1 வோல்ட் வரை தரும். ஐரோப்பாவில் விற்பது அதில் பாதி, ஆகவே சொல்லி எடுப்பிப்பதென்றால் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் இது குறைந்த சத்தத்திலேயே நின்றுவிடும். லாப்டொப்பில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரமும் தட்சிணாமூர்த்தியின் தவிலும் பழைய கசற்றிலிருந்து எம்பி3 ஆக மாறித்தான் எங்களில் பலரிடம் இருக்கின்றன. கசற்றில் போன உயர்ந்த ஓசையை எந்தப் பெட்டியும் திருப்பித் தராது. நல்ல ஹெட்போனில் கசற்றின் இரைச்சல் இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: ஹெட்போனின் இரண்டு எண்கள்

ஹெட்போன் பெட்டியில் ஓம் என்று ஓர் எண் இருக்கும், அது மின்தடை. டெசிபல் என்று இன்னொன்று இருக்கும், கொடுக்கிற மின்னுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது அது. ஓமை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள்தான் கூட. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டெசிபல் 1 மில்லிவாட்டுக்கா, 1 வோல்ட்டுக்கா என்பதையும் கவனியுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

மூன்று உதாரணம் போட்டுப் பார்ப்போம். உச்சக் கணத்துக்கு 110 டெசிபல் வேண்டும் என்று வைப்போம். முழு நேரமும் அப்படிக் கேட்பதற்காக அல்ல. அமைதியாகப் போகிற ஆலாபனைக்குப் பின்னால் தவிலின் ஒரு அடி விழும்போது அது நசுங்காமல் வர இடம் வேண்டும், அதற்காக.

சென்ஹைசர் எச்டி 650: 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல். இன்னும் 7 டெசிபல் தேவை. 6 டெசிபல் கூட்ட வோல்ட் இரண்டு மடங்காக வேண்டும், ஆகவே ஏறக்குறைய 2.2 வோல்ட். அந்த நேரம் ஓடுகிற மின்னோட்டம் 8 மில்லிஅம்பியரை எட்டாது. இதற்கு வோல்ட்தான் தேவை.

ஓடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ்: 38 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். 110க்கு 12 அல்லது 13 மில்லிவாட், வோல்ட்டில் 0.7. அந்த 1 வோல்ட் மாற்றியே போதும். இதற்கு அம்ப் வாங்குவது கோழிக்குஞ்சு கொண்டுபோக லொறி பிடிக்கிற மாதிரி.

ஹைஃபைமான் சுந்தரா: 37 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 94 டெசிபல். ஓம் குறைவாக இருப்பதைப் பார்த்து இலேசானது என்று நினைப்போம். ஆனால் 40 மில்லிவாட் கேட்கும், 1.2 வோல்ட், 33 மில்லிஅம்பியர். எச்டி 650 கேட்பதிலும் நாலு மடங்குக்கு மேற்பட்ட மின்னோட்டம். போன்கள் இங்கேதான் மூச்சு வாங்கும். சுந்தரா மாதிரி, தட்டையான மெல்லிய படலம் அசைந்து சத்தம் தருகிற பிளேனர் வகை ஹெட்போன்களுக்கு அம்ப் நல்லது என்று சொல்வதன் காரணம் இது.

மூன்றாம் படி: பெட்டியைத் தெரிவு செய்தல்

முகப்பைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். யூஎஸ்பி வேண்டும். ரீவியோடும் சேர்ப்பதென்றால் ஒப்டிக்கல், அதாவது வெளிச்சமாகச் சத்தத்தை அனுப்புகிற வயருக்கான ஓட்டை, வேண்டும். ஸ்பீக்கருக்கு இரண்டு ஆர்சிஏ ஓட்டைகள் வேண்டும். அதிலிருந்து வருவது திருகியோடு கூடிக் குறைகிறதா, எப்போதும் ஒரே அளவில் நிற்கிறதா என்பதை வாங்க முதல் கேளுங்கள். கூடிக் குறைவதுதான் பிரிஅம்ப். ஒரே அளவில் வருவது, சொந்தமாகத் திருகி வைத்திருக்கிற வேறு அம்ப்புக்கு. ஃபியோ கே7 மாதிரி சிலதில் இரண்டுக்கும் சுவிட்ச் உண்டு.

அடுத்தது வெளியீட்டு மின்தடை, அதாவது பெட்டியின் ஹெட்போன் ஓட்டைக்குச் சொந்தமாக இருக்கிற ஓம். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றுகிற கணக்கு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். அதைத் தாண்டினால் சில ஹெட்போன்களில் பேஸ் உப்பிக்கொள்ளும். இப்போது வருகிற நல்ல பெட்டிகளில் பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழேதான். பழைய ஸ்டீரியோ செற்றுகளின் ஹெட்போன் ஓட்டையில்தான் இந்தச் சிக்கல் கூட.

32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் அடித்திருப்பதை நான் வாசிப்பதே இல்லை. மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எட்டாது. அதற்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது முன்பு சொன்ன செக்கனுக்கு 44,100 எண்கள், கணக்குப்படி போதும்.

காசு நிறையக் கொடுத்தால்தான் நல்லது என்கிறவர்களுக்கு ஓட்டூ (O2) என்கிற அம்ப்பின் கதையைச் சொல்லலாம். 2011இல் பெயர் வெளியிடாத ஒரு பொறியியலாளர் அதன் வரைபடத்தையும் அளவீடுகளையும் யாரும் செய்து பார்க்கலாம் என்று இணையத்தில் போட்டார். மலிவான பாகங்கள், விலை கூடிய பெட்டிகளை வெட்கப்பட வைத்த அளவீடுகள். அடுத்த வருடம் ஆளே காணாமல் போய்விட்டார். யாரென்று இன்றைக்கும் தெரியாது. அந்த அம்ப்புக்குள் இரண்டு 9 வோல்ட் சார்ஜ் பற்றரி வைத்தும் கேட்கலாம். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கறண்ட் நின்றபோது நான் நினைத்தது அதைத்தான்.

நாலாம் படி: மின். இதில் அவசரப்படாதீர்கள்

மச்சான் தந்த பெட்டிக்கு வருவோம். கனடாவில் வீட்டு மின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கின் முள் பொருந்தவில்லை என்று ஒரு மாற்று முள் போட்டு நான் செருகினேன். மாற்று முள் முள்ளை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆசைப் பறப்பில் மறந்துவிட்டேன். கால் மணித்தியாலத்தில் அடாப்ரர் சுட்டு, மெழுகு கருகிய மணம் வந்து, செத்துப்போனது. நல்ல காலம், அம்ப் தப்பியது.

கடையில் போய் "15 வோல்ட் அடாப்ரர்" என்று கேட்டு வாங்கி வந்தேன். பிளக் பொருந்தியது, லைற் எரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. விறாந்தையில் இருந்த சித்தப்பா எழும்பி வந்து கண்ணாடியைப் போட்டார்.

"தம்பி, பழைய அடாப்ரரில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனியோ?"

"15 வோல்ட் எண்டுதான் இருக்கு, சித்தப்பா."

"அதுக்குப் பக்கத்தில அலை மாதிரி ஒரு கோடு கிடக்கு, பார். இது ஏசி கேக்கிற சாமான். நீ டிசியைக் குடுத்திருக்கிறாய்."

டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடுகிற ஏசி, ரேடியோ கேட்பது ஒரே திசையில் ஓடுகிற டிசி. இடையில், மின்னை ஒரு திசையில் மட்டும் விடுகிற டயோட் வைத்தால்தான் வேலை நடக்கும். அந்தக் கணக்கைக் கையால் சுற்றிப் படித்த மனிசன். இங்கே அது தலைகீழாக நடந்திருந்தது. சின்ன அம்ப்புகள் பலவற்றில் அடாப்ரரிலிருந்து ஏசியே உள்ளே போகும். உள்ளே இருக்கிற டயோட்டுகள் அந்த அலையின் மேல் பாதியிலிருந்து நேர் மின்னையும், கீழ்ப் பாதியிலிருந்து எதிர் மின்னையும் எடுக்கும். டிசி கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும்தான் கிடைக்கும். காப்புச் சுற்று இல்லாத பெட்டியென்றால் அந்த நிலையில் ஹெட்போனும் போயிருக்கலாம். கடைசியில் 230இலிருந்து 15 வோல்ட் ஏசி தருகிற ட்ரான்ஸ்போமர் ஒன்றைச் சுற்றுவித்துப் பெட்டியில் அடைத்தோம். இன்றுவரை அதில்தான் ஓடுகிறது.

ஆகவே வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தப் பெட்டியையும் செருக முதல் அடாப்ரரின் முதுகை வாசியுங்கள். உள்ளீட்டில் 100–240 என்று இருந்தால் பயமில்லை, முள்ளை மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் சுவரில் செருகவே வேண்டாம். வெளியீட்டில் அலைக்கோடு என்றால் ஏசி. நேர்கோட்டுக்குக் கீழே புள்ளிக்கோடு என்றால் டிசி. டிசி என்றால் முள்ளின் நடு நேரா எதிரா என்று சொல்கிற சின்னப் படமும் பக்கத்தில் இருக்கும். வோல்ட் சரியாக வர வேண்டும். அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. இந்தத் தலையிடியே வேண்டாம் என்றால் யூஎஸ்பியில் ஓடுகிற பெட்டியை எடுப்பியுங்கள். கறண்ட் நின்றாலும் லாப்டொப் பற்றரியில் பாட்டு நிற்காது.

சதுர முள் 13 அம்பியர் பிளக்குக்குள் பியூஸ் ஒன்று உண்டு. இப்படிச் சின்னச் சாமானுக்கு 3 அம்பியர் போதும். இரண்டு முள் பிளக்கைச் செருகப் பேனை மூடியால் எர்த் ஓட்டையைக் குத்தித் திறக்கிற பழக்கம் எங்கள் ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது. விட்டுவிடுங்கள், சரியான மாற்று முள்ளின் விலை ஒரு தேத்தண்ணிக் காசு மாதிரித்தான்.

ஐந்தாம் படி: இணைத்தலும் செற்றிங்கும்

எல்லாம் ஓஃபில் இருக்கும்போது வயர்களைச் செருகுங்கள். திருகியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் பெட்டியைப் போடுங்கள், ஸ்பீக்கரைக் கடைசியாகப் போடுங்கள். நிறுத்தும்போது ஸ்பீக்கர் முதலில். இந்த ஒழுங்கு மாறினால் "டப்" என்று ஓர் அடி ஸ்பீக்கரில் விழும். ஹெட்போனைக் காதில் மாட்டுவது எல்லாவற்றுக்கும் பிறகு.

விண்டோஸ் 10இல் 2017ஆம் ஆண்டு அப்டேற்றுக்குப் பிறகு பெரும்பாலான பெட்டிகளுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை, செருகினால் தானே பிடிக்கும். ஒலி வெளியீட்டில் பெட்டியின் பெயரைத் தெரிவு செய்யுங்கள். கொம்பியூட்டரின் சத்தத்தை முழுதாக வைத்துவிட்டு, இனிக் கூட்டிக் குறைப்பது பெட்டித் திருகியில் மட்டும். ஆண்ட்ராய்டில் ஓடிஜி வயர், அதாவது போனில் வேறு யூஎஸ்பி சாமானைப் பூட்டுகிற வயர், வேண்டும். போன் எல்லாப் பாட்டையும் வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றி அனுப்பும். அது தவறு என்று சண்டை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் காதுக்கு ஒருநாளும் பிடிபடவில்லை.

ரீவியிலிருந்து ஒப்டிக்கல் வயர் போட்டும் சத்தம் வரவில்லையா? ரீவியின் ஒலி செற்றிங்கில் டொல்பி என்றோ ஓட்டோ என்றோ கிடப்பதைப் பிசிஎம் என்று மாற்றுங்கள். ஸ்டீரியோ டாக்குக்கு டொல்பி விளங்காது. பெட்டி பழுது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய இரண்டு பேரை நான் இந்த ஒரு மாற்றத்தால் நிறுத்தியிருக்கிறேன்.

ஆறாம் படி: கெயின், திருகி, காது

கெயின் என்பது அம்ப் எத்தனை மடங்கு பலப்படுத்துகிறது என்பது. அதற்குச் சுவிட்ச் இருந்தால் குறைவில் தொடங்குங்கள். திருகி முக்கால்வாசி போயும் காணாது என்றால்தான் கூடியதுக்குப் போக வேண்டும். கூடிய கெயினில் திருகி மெல்ல அசைந்தாலே சத்தம் பாயும். அடியில் நிற்கும்போது ஒரு காதில் கூட, மறு காதில் குறைய என்றும் கேட்கும். அது பெட்டியின் பழுதல்ல, மலிவான திருகியின் குணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணித்தியாலம் மட்டும். நல்ல அம்ப்பில் சத்தம் நசுங்காமல் வருவதால் கூட்டினது தெரியாது, கவனம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தெருக் குழாய்களை மேவிக் கேட்க வேண்டும் என்று திருகியை ஏற்றாதீர்கள். காதை மூடுகிற வகை ஹெட்போனை எடுங்கள்.

ஏழாம் படி: ஸ்பீக்கர்

உள்ளே அம்ப் இருக்கிற ஸ்பீக்கர் என்றால், ஸ்பீக்கரின் சொந்தத் திருகியை நடுவில் வைத்துவிட்டு மீதியைப் பெட்டியில் செய்யுங்கள். பிரிஅம்ப் வெளியீட்டை மாறாத அளவில் வைத்துக்கொண்டு, திருகி இல்லாத பவர் அம்ப்பில் மட்டும் பூட்டிவிடாதீர்கள். முதல் செக்கனே முழுச் சத்தம் வரும். ஸ்பீக்கரும் போகும், அயலவரும் வருவர்.

எட்டாம் படி: இரைச்சலைத் தேடிப் பிடித்தல்

சுருதிப் பெட்டி மாதிரி விடாமல் ஒரு "ம்ம்ம்" கேட்டால் அது 50 அல்லது 100 ஹெர்ட்ஸ், வீட்டு மின்னின் குரல். குருட்டாம்போக்கில் வயர் மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

ஹெட்போனையும் அடாப்ரரையும் மட்டும் வைத்து, மற்ற வயர் எல்லாம் கழற்றுங்கள். அப்போதும் இரைந்தால் அடாப்ரரில் கோளாறு. அமைதியென்றால் யூஎஸ்பியைச் செருகுங்கள். இரைச்சல் வந்தால் லாப்டொப் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். அதோடு நின்றால் சார்ஜர்தான் வழி. ஸ்பீக்கரைச் சேர்த்த பிறகுதான் வருகிறது என்றால், இரண்டு சாமானும் இரண்டு வேறு இடத்தில் எர்த் பிடித்து இடையில் ஒரு வட்டம் போட்டிருக்கின்றன. ரீவி சேர்ந்திருந்தால் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கள்ளன் அங்கேதான் இருந்தான்.

மருந்து மூன்று. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்ரென்சனில் செருகுவது, செலவில்லாதது, பாதிப் பேருக்கு அதோடு முடியும். ரீவிக்கு ஒப்டிக்கல் போடுவது. அதில் போவது வெளிச்சம், மின் தொடர்பே இல்லை. அதற்கும் அடங்காவிட்டால் ஆர்சிஏ வயரின் நடுவே பூட்டுகிற தனிப்படுத்தும் ட்ரான்ஸ்போமர். எர்த் முள்ளை வெட்டுவது மருந்தல்ல. இரைச்சல் நிற்கும், ஆனால் ஒருநாள் பெட்டியின் உலோகத்தில் கை வைக்கும்போது ஆளும் நிற்க வேண்டி வரும்.

எர்த் பற்றி இன்னொரு சொல். சுண்ணக்கல் மேலோடு கிடக்கிற வளவுகளில் எர்த் கம்பி ஆழம் இறங்காது. ஆவணி வெயிலில் நிலம் காய்ந்தால் அதன் பிடி இன்னும் தளரும். லாப்டொப்பைத் தொட்டால் விறுவிறுக்கிறது என்றால் முதலில் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். கிணற்று மோட்டர் போடும்போது மட்டும் "டிக்" என்று விழுந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணித் தாங்கி நிரம்பினால் அதுவும் நிற்கும்.

மாரிக்கு முன் ஒரு வேலை

ஐப்பசி மழைக்கு முன் ஆர்சிஏ முள்களையும் ஹெட்போன் முள்ளையும் கழற்றி, கொன்ராக்ட் கிளீனர் தொட்ட துணியால் துடைத்துத் திருப்பிச் செருகுங்கள். கடற்காற்று படுகிற பக்கத்து வீடுகளில் வருடத்துக்கு இரண்டு தரம். திருகி கரகரத்தால் பெட்டியை நிறுத்திவிட்டு, அடியிலிருந்து நுனிவரை இருபது முப்பது தரம் சுற்றுங்கள், பெரும்பாலும் தெளியும். பாவிக்காத ஹெட்போனைச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

காற்றுப் போகிற துவாரங்களை மூடாமல் வைக்க வேண்டும், ஆனால் எறும்புக்கும் அந்தச் சூடு பிடிக்கும். பெட்டி நிற்கிற மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வைக்காதீர்கள். என்னுடையதைத் திறந்தபோது ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் ஒரு கூடும், பின் சுவரோரம் இரண்டு பல்லி முட்டையும் இருந்தன.